மடுவம் ரிசோர்ஸுக்கு ரெடி நிலை: டிப்ளாய்மென்டின் அவைலபிளை அப்படியே எடுத்து வைத்தால் போதுமா?

கேள்வி: ஹட்டனிலிருந்து

வணக்கம்.

ஹட்டனைச் சுற்றியுள்ள சில தோட்டங்களில் கொழுந்து நிறுவையைப் பதியும் மென்பொருளொன்றை ஒரு சிறு குழுவாகப் பராமரித்து வருகிறோம். தொழிற்சாலை அலுவலகத்திலுள்ள சிறிய கணினிகளில் கே3எஸ் கிளஸ்டர் ஓடுகிறது (கே3எஸ் என்பது, மென்பொருள்களைப் பல கணினிகளில் ஓட்டிப் பராமரிக்கும் குபெர்னெட்டீஸ் அமைப்பின் இலகுவான வடிவம்). ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கும் கொழுந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) ஒன்று என்ற கணக்கில், ‘மடுவம்’ என்னும் கஸ்டம் ரிசோர்ஸை, அதாவது குபெர்னெட்டீஸில் நாங்களே சேர்த்த பொருள் வகையை, வரையறுத்திருக்கிறோம். கியூப்பில்டர் என்ற கருவியைக் கொண்டு எழுதிய எங்கள் கன்ட்ரோலர் (கேட்ட நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும் நிரல்) ஒவ்வொரு மடுவத்துக்கும் ஒரு டிப்ளாய்மென்ட் (மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்ற குறிப்பு), ஒரு சர்வீஸ் (அதை அடையும் முகவரி), ஒரு கான்ஃபிக்மேப் (அமைப்பு விவரங்கள்) ஆகியவற்றை அமைத்துக் கொடுக்கிறது. டிஜிட்டல் தராசிலிருந்து வரும் எடையையும், தராசு பேசாத வேளையில் கணக்கப்பிள்ளை கைத்தொலைபேசியில் பதியும் எடையையும் அந்த டிப்ளாய்மென்டின் பாட் (மென்பொருளின் ஓடும் பிரதி) வாங்கிச் சேமிக்கிறது.

புதிய பதிப்பை வெளியிடும்போது எங்கள் பைப்லைன் மடுவங்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறது. ஒன்று சரியாக எழுந்து நின்ற பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்; ஏனென்றால் நிறுவை நேரத்தில் பதிவு நின்றால் எடைகள் துண்டுத் தாளில் எழுதப்பட்டு, மாலையில் செக்ரோலுக்கு (தொழிலாளரின் வேலைப் பதிவேட்டுக்கு) ஏற்றப்படும்போது ஒருவர் பறித்த கொழுந்து இன்னொருவர் பெயரில் விழ இடமுண்டு, அது நேரே ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் போய் முடியும். இதுவரை பைப்லைனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 2 நிமிடம் காத்திருக்கும் வரி ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துவிட்டு, மடுவம் தானே தன் நிலையைச் சொல்லும்படி செய்ய விரும்புகிறோம்.

இப்போது செய்திருப்பது இது: மடுவத்தின் ஸ்டேட்டஸில் (இப்போதைய நிலையைக் கன்ட்ரோலர் எழுதும் பகுதியில்) கண்டிஷன்கள் என்ற பட்டியலைச் சேர்த்து, அதில் ரெடி என்ற கண்டிஷனை வைத்தோம். டிப்ளாய்மென்டின் அவைலபிள் கண்டிஷன் ட்ரூ என்றால் ரெடியும் ட்ரூ, அது ஃபால்ஸ் என்றால் இதுவும் ஃபால்ஸ். இந்த ஏற்பாட்டில் இரண்டு கோளாறுகள் தெரிகின்றன. மடுவத்தின் ஸ்பெக்கில் (நாங்கள் கேட்கும் நிலையை எழுதும் பகுதியில்) இமேஜ் (மென்பொருள் பொதி) பதிப்பை மாற்றிவிட்டு, ஒரு கண்டிஷன் ட்ரூ ஆகும் வரை காத்திருக்கும் ‘கியூப்சிடிஎல் வெயிட்’ கட்டளையை ரெடிக்காக ஓடவிட்டால், பழைய பாட்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது வெற்றி என்று திரும்பிவிடுகிறது. புதிதாக ஒரு மடுவத்தை உருவாக்கினாலோ நிலைமை தலைகீழாக இருக்கிறது: பாட் எழுந்து எடைகளை வாங்கத் தொடங்கிய பிறகும் ரெடி ஃபால்ஸ் என்றே கிடக்கிறது, மடுவத்தின் ஸ்பெக்கில் எதையாவது மாற்றினால், அல்லது கன்ட்ரோலர் பாடை மீளத் தொடக்கினால், உடனே ட்ரூ ஆகிறது.

இவற்றோடு, கோளாறு என்று சொல்ல முடியாத ஒரு சந்தேகமும் உண்டு. மழைக் காலத்தில் தராசுக்கும் பாடுக்கும் இடையிலான வைஃபை அடிக்கடி அறுந்து போகிறது. அப்போது மடுவம் ரெடி என்று சொல்வது சரியா, இல்லை என்று சொல்வது சரியா?

———

பதில்: பண்டாரவளையிலிருந்து

உங்கள் முதலாவது கோளாறு ஓரிடத்தில் பிறக்கவில்லை. மூன்று அடுக்குகளில் ஒரே மாதிரியான தவறான விடை கிடைக்கிறது. ஒன்றை மட்டும் திருத்தினால் மற்ற இரண்டும் எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் கோளாறாக மாறி உங்களை அலைக்கழிக்கும். ஆகவே மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது.

மேலே தெரியும் அடுக்கு, அவைலபிள் என்ற கண்டிஷன் எதைச் சொல்கிறது என்பது. குறைந்தபட்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் பாடுகள் சேவை தருகின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தப் பாடுகள் புதிய பதிப்பா பழைய பதிப்பா என்பது அதன் கவலை அன்று. உங்கள் மடுவத்தில் ரெப்ளிகா (பாடின் பிரதி) ஒன்றுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பாடுகளைப் படிப்படியாக மாற்றும் ரோலிங் அப்டேட்டில் மேக்ஸ்அன்அவைலபிள் (எத்தனை பாடுகள் குறையலாம்), மேக்ஸ்சர்ஜ் (எத்தனை கூடுதலாக எழலாம்) ஆகிய இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 25 சதவீதம். முன்னது கீழ்நோக்கி முழுமையாக்கப்படுவதால் 0 ஆகிறது, பின்னது மேல்நோக்கி முழுமையாக்கப்படுவதால் 1 ஆகிறது. அதாவது புதிய பாட் ஒன்று கூடுதலாக எழுந்து தயாராகும் வரை பழைய பாட் அசையாமல் நிற்கும். ஆகவே உங்கள் டிப்ளாய்மென்டின் அவைலபிள், வெளியீடு நடக்கும் நேரம் முழுவதும் ட்ரூ என்றே இருக்கும். புதிய இமேஜின் பெயர் பிழையாக இருந்து அது எழாமலே போனாலும் அப்படியேதான் இருக்கும்.

அதற்குப் பதிலாக, ‘கியூப்சிடிஎல் ரோல்அவுட் ஸ்டேட்டஸ்’ கட்டளை உள்ளே எதைப் பார்க்கிறதோ அதையே நீங்களும் பாருங்கள். டிப்ளாய்மென்டின் ஸ்டேட்டஸிலுள்ள அப்சர்வ்டு ஜெனரேஷன் (கன்ட்ரோலர் கடைசியாகப் பார்த்த எண்), அதன் மெட்டாடேட்டாவிலுள்ள ஜெனரேஷனை (ஸ்பெக் மாறும்போதெல்லாம் கூடும் எண்ணை) எட்டியிருக்க வேண்டும். அப்டேட்டட் ரெப்ளிகாஸ், ஸ்பெக்கில் கேட்ட எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். மொத்த ரெப்ளிகாஸ் அதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது, இருந்தால் பழைய பாட் இன்னும் போகவில்லை என்று பொருள். அவைலபிள் ரெப்ளிகாஸும் அதே எண்ணிக்கையை எட்டியிருக்க வேண்டும். இந்த நான்கையும் பார்க்கும் சிறு ஃபங்ஷன் ஒன்றைத் தனியே எழுதி, விடையோடு காரணத்தையும் திருப்பித் தரும்படி செய்யுங்கள்.

இரண்டாவது அடுக்கு உங்கள் சொந்த ரிசோர்ஸில் இருக்கிறது. ஸ்பெக் மாறிய கணத்துக்கும் உங்கள் கன்ட்ரோலர் அதைப் பார்த்துச் செயற்படும் கணத்துக்கும் இடையில் சிறிது நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஸ்டேட்டஸில் கிடப்பது போன பதிப்புக்காக எழுதிய ரெடி. வெயிட் கட்டளை அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஜெனரேஷன் எண் இல்லாத ரெடி, திகதி எழுதாத செக்ரோல் பதிவைப் போன்றது: எடை சரியாகவே இருக்கலாம், எந்த நாளுக்குரியது என்று யாராலும் சொல்ல முடியாது. குபெர்னெட்டீஸின் பொதுவான கண்டிஷன் வகையில் (1.19 பதிப்போடு வந்தது) டைப், ஸ்டேட்டஸ், ரீசன், மெசேஜ், லாஸ்ட் டிரான்சிஷன் டைம் ஆகியவற்றோடு அப்சர்வ்டு ஜெனரேஷன் என்ற புலமும் இருக்கிறது. ஒவ்வொரு முறை கண்டிஷனை எழுதும்போதும், அந்தச் சுற்றில் நீங்கள் எந்த மடுவத்தைப் படித்தீர்களோ அதன் ஜெனரேஷனை அங்கே இடுங்கள். கியூப்சிடிஎல் வெயிட் இந்தப் புலம் இருந்தால் அதை மெட்டாடேட்டாவிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பின்தங்கியிருந்தால் காத்திருக்கும். புலமே இல்லையென்றால் ஒப்பிட அதனிடம் எதுவும் இல்லை.

இதற்கு ஒரு முன்நிபந்தனை: உங்கள் சிஆர்டியில் (கஸ்டம் ரிசோர்ஸின் வரையறையில்) ஸ்டேட்டஸ் சப்ரிசோர்ஸ், அதாவது ஸ்டேட்டஸைத் தனியாக எழுதும் வழி, இயக்கப்பட்டிருக்க வேண்டும். இயக்கியிருந்தால் ஸ்டேட்டஸில் எழுதுவது ஜெனரேஷனைக் கூட்டாது; இயக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்டேட்டஸ் எழுத்தும் ஜெனரேஷனைக் கூட்டிவிடும், பிறகு உங்கள் கன்ட்ரோலர் தன் நிழலையே துரத்திக்கொண்டிருக்கும். கியூப்பில்டரில் டைப்புக்கு மேலே எழுதும் சப்ரிசோர்ஸ் குறிப்பு இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், கிளஸ்டரில் உண்மையில் நிறுவப்பட்டிருக்கும் சிஆர்டியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது அடுக்கு பலர் கண்ணுக்குத் தப்புவது. நான் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் அதைத்தான். உங்கள் ரிகன்சைல் ஃபங்ஷன் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கன்ட்ரோலர் ஓட்டும் சுற்று) டிப்ளாய்மென்டில் புதிய இமேஜை எழுதிவிட்டு, உடனே அடுத்த வரியில் டிப்ளாய்மென்டை மறுபடி கெட் செய்து (படித்து) அதன் ஸ்டேட்டஸைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். கியூப்பில்டர் பயன்படுத்தும் கன்ட்ரோலர்-ரன்டைம் நூலகத்தின் கிளையன்ட் இயல்பாக கேஷிலிருந்தே (தன் நினைவகத்திலுள்ள நகலிலிருந்தே) படிக்கும். நீங்கள் எழுதியது அந்த கேஷுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கையில் கிடைப்பது எழுதுவதற்கு முந்திய டிப்ளாய்மென்ட். அதன் ஜெனரேஷனும் அப்சர்வ்டு ஜெனரேஷனும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும், ரெப்ளிகாக்கள் எல்லாம் முழுமையாக இருக்கும். மேலே சொன்ன நான்கு சோதனைகளிலும் அது தேறிவிடும். நீங்களும் மடுவத்தின் புதிய ஜெனரேஷனைக் குறித்து ரெடி ட்ரூ என்று எழுதிவிடுவீர்கள். இந்த முறை பொய்யான பதிவில் சரியான திகதியும் இருக்கும் என்பதால், வெயிட் கட்டளையாலும் கண்டுபிடிக்க முடியாது.

திருத்தம் எளிது. எழுதிய பிறகு மறுபடி கெட் செய்யாதீர்கள். கிரியேட்ஆர்அப்டேட் அல்லது பேட்ச் முடிந்ததும் ஏபிஐ சர்வர் (கிளஸ்டரின் பொருள்களைப் படிக்கவும் எழுதவும் உள்ள வாசல்) அனுப்பிய பதில் அதே பொருளில் நிரப்பப்பட்டிருக்கும்; அதில் ஜெனரேஷன் புதியதாகவும் அப்சர்வ்டு ஜெனரேஷன் பழையதாகவும் இருக்கும், உங்கள் ஃபங்ஷனும் ‘இன்னும் இல்லை’ என்று சரியாகச் சொல்லும். அடுத்த சுற்று பழைய கேஷோடு தொடங்கி மறுபடி எழுத முயன்றாலும், அப்டேட்டில் ரிசோர்ஸ்வெர்ஷன் (பொருளின் ஒவ்வொரு எழுத்துக்கும் மாறும் அடையாளம்) பொருந்தாமல் கான்ஃபிளிக்ட் என்று தோற்று, மீண்டும் வரிசைக்கு வந்துவிடும்.

கான்ஃபிக்மேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை மாற்றினால் டிப்ளாய்மென்ட் தானாக மீள எழுவதில்லை. மடுவத்தின் ஸ்பெக்கில் தராசின் முகவரியை மாற்றினீர்கள், அது கான்ஃபிக்மேப்புக்கு மட்டும் போகிறது என்றால், டிப்ளாய்மென்டின் ஜெனரேஷன் மாறாது, ரெடியும் உடனே ட்ரூ ஆகும், பாட் மட்டும் பழைய முகவரியோடு ஓடிக்கொண்டிருக்கும். கான்ஃபிக்மேப் உள்ளடக்கத்தின் ஹாஷை (உள்ளடக்கம் மாறினால் மாறும் சுருக்க அடையாளத்தை) டிப்ளாய்மென்டிலுள்ள பாட் டெம்ப்ளேட்டில் ஓர் அனொடேஷனாக (குறிப்பாக) வைத்தால் இந்த ஓட்டை அடைபடும்.

———

பதில்: நுவரெலியாவிலிருந்து

பண்டாரவளை அண்ணன் முதலாவதை விரிவாகச் சொல்லிவிட்டதால், புதிய மடுவம் ஃபால்ஸிலேயே கிடப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஸ்பெக்கைத் தொட்டால் அல்லது கன்ட்ரோலரை மீளத் தொடக்கினால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே போதுமான தடயம்: டிப்ளாய்மென்டின் நிலை மாறும் செய்தி உங்கள் கன்ட்ரோலரின் காதில் விழவில்லை.

பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஸ்டேட்டஸ் எழுதத் தொடங்கியதும், தன் எழுத்தே தன்னை மறுபடி எழுப்புவதைத் தடுக்க, ஜெனரேஷன்சேஞ்ச்டு பிரெடிகேட்டை (ஜெனரேஷன் மாறாத மாற்றச் செய்திகளைத் தடுக்கும் வடிகட்டியை) சேர்த்திருப்பீர்கள். அதை வித்ஈவென்ட்ஃபில்டர் வழியாகச் சேர்த்திருப்பீர்கள். அப்படிச் சேர்த்தால் அந்த வடிகட்டி மடுவத்துக்கு மட்டுமன்றி, ஓன்ஸ் என்று (மடுவத்துக்குச் சொந்தமானது என்று) குறித்த டிப்ளாய்மென்டுக்கும் பொருந்தும். பாட் தயாரானதும் டிப்ளாய்மென்டில் மாறுவது ஸ்டேட்டஸ் மட்டுமே, ஜெனரேஷன் மாறுவதில்லை. ஆகவே அந்தச் செய்தி வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. கன்ட்ரோலரை மீளத் தொடக்கும்போது எல்லாப் பொருள்களும் கிரியேட் செய்தியாக வருகின்றன, பிரெடிகேட் அவற்றைத் தடுப்பதில்லை. அதனால்தான் உடனே சரியாகிறது. இடையிடையே நடக்கும் ரீசிங்க் (எல்லாப் பொருள்களையும் மறுபடி பார்க்கும் சுற்று) உங்களைக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம்: கன்ட்ரோலர்-ரன்டைமில் அதன் இயல்பு இடைவெளி 10 மணித்தியாலம், அது வந்தாலும் ஜெனரேஷன் மாறாத அப்டேட் செய்தியாகவே வந்து அதே வடிகட்டியில் நின்றுவிடும்.

வடிகட்டியை வித்பிரெடிகேட்ஸ் மூலம், மடுவத்தைக் குறிக்கும் ஃபார் வரிக்கு மட்டும் பொருத்துங்கள். ஓன்ஸ் வரிகளைத் திறந்து விடுங்கள். டிப்ளாய்மென்டில் கன்ட்ரோலர் ரெஃபரன்ஸ் (அது எந்த மடுவத்துக்கு உரியது என்ற குறிப்பு) இடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்த மடுவத்தை எழுப்புவது என்று ஓன்ஸுக்குத் தெரியாது. மடுவத்தின் லேபிள் அல்லது அனொடேஷனைப் பார்த்து நீங்கள் எதையாவது செய்வதாக இருந்தால், அவற்றின் மாற்றமும் ஜெனரேஷனைக் கூட்டாது என்பதால், அவற்றுக்குரிய பிரெடிகேட்டை ‘அல்லது’ என்று சேர்க்க வேண்டும்.

ஸ்டேட்டஸை எழுதும் முறையிலும் கவனம் தேவை. ரிகன்சைலின் நடுவே எங்கு பிழை நேர்ந்தாலும் ஸ்டேட்டஸை எழுதாமலே திரும்பிவிடும் கன்ட்ரோலர்களை நிறையப் பார்க்கிறோம். சர்வீஸை உருவாக்க முடியாமல் தோற்றுக்கொண்டிருக்கும், வெளியே ரெடி ட்ரூ என்று நேற்றைய நிலையே தெரியும். தொடக்கத்தில் மடுவத்தின் ஒரு டீப் காப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும் வழி எதுவானாலும் கடைசியில் டிஃபர் (ஃபங்ஷன் முடியும்போது ஓடும் கட்டளை) மூலம் ஸ்டேட்டஸ் பேட்சை ஒருமுறை அனுப்புங்கள். பிழை வந்தால் ரெடியை ஃபால்ஸ் ஆக்கி, ரீசனில் எந்தப் படி தோற்றது என்று எழுதிவிட்டு, பிழையையும் திருப்பி அனுப்புங்கள். வரிசை தன் பாட்டில் இடைவெளியைக் கூட்டிக்கூட்டி முயலும்.

கண்டிஷனை நேரடியாகப் பட்டியலில் சேர்க்காமல் செட்ஸ்டேட்டஸ்கண்டிஷன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். ஸ்டேட்டஸ் உண்மையில் மாறும்போது மட்டுமே அது லாஸ்ட் டிரான்சிஷன் டைமை மாற்றும்; ஃபால்ஸ் ஃபால்ஸாகவே இருந்து ரீசன் மட்டும் மாறினால் நேரத்தைத் தொடாது. ‘எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது’ என்ற கேள்விக்கு அப்போதுதான் நம்பத் தகுந்த விடை கிடைக்கும். மெசேஜில் இப்போதைய நேரத்தையோ, ஏறிக்கொண்டே போகும் எண்ணையோ எழுதாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டேட்டஸ் மாறியதாகி, தேவையில்லாத எழுத்துகள் குவியும்.

கன்ட்ரோலரின் ரோலில் (அனுமதிப் பட்டியலில்) ‘மடுவங்கள்/ஸ்டேட்டஸ்’ என்பதற்குத் தனியே கெட், அப்டேட், பேட்ச் உரிமை வேண்டும். மடுவங்களுக்கு உரிமை கொடுத்திருப்பது அதற்குப் போதாது.

———

ஹட்டனிலிருந்து

பண்டாரவளை அண்ணனுக்கும் நுவரெலியா அக்காவுக்கும் மிக்க நன்றி. வடிகட்டி நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. அதை ஃபார் வரிக்கு நகர்த்தியதும் புதிய மடுவங்கள் தாமாகவே ரெடி ஆகின்றன. எழுதிய பிறகு மறுபடி கெட் செய்யும் வரியும் எங்கள் கோடில் இருந்தது. அதை நீக்கி, நான்கு சோதனைகளையும் அப்சர்வ்டு ஜெனரேஷனையும் சேர்த்த பிறகு, வெயிட் கட்டளை புதிய பாட் எழுந்து பழையது போகும் வரை உண்மையாகவே காத்திருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு கேள்வி எழுகிறது. வேண்டுமென்றே இல்லாத இமேஜ் பெயரைக் கொடுத்துப் பார்த்தோம். மடுவம் ஃபால்ஸ் என்று சரியாகச் சொல்கிறது; ஆனால் ‘எழுந்துகொண்டிருக்கிறது’ என்பதற்கும் ‘இது எழப் போவதில்லை’ என்பதற்கும் வெளியே வேறுபாடு தெரியவில்லை. பைப்லைன் தன் டைம்அவுட் முடியும் வரை காத்திருந்துவிட்டுத்தான் தோற்கிறது. இதையும், தராசின் இணைப்பைப் பற்றி முன்பு கேட்டதையும் எப்படிக் கையாள்வது?

———

பதில்: தலவாக்கலையிலிருந்து

தராசிலிருந்து தொடங்குகிறேன், இங்குள்ள ஈரமும் பனிமூட்டமும் வைஃபையை என்ன பாடு படுத்துகின்றன என்பது எங்களுக்கும் அன்றாட அனுபவம்.

ரெடி என்பது, ‘இந்த ஜெனரேஷனில் நீங்கள் கேட்டதை அமைத்துவிட்டேன், அது வேலையை ஏற்கும் நிலையில் இருக்கிறது’ என்று கன்ட்ரோலர் கொடுக்கும் உறுதி. தராசின் வைஃபை அறுந்தபோது உங்கள் பாட் வேலையை ஏற்கிறதா? ஏற்கிறது; கணக்கப்பிள்ளை கைத்தொலைபேசியில் பதியும் எடை வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே மடுவம் ரெடிதான். தராசுக்கு ‘ஸ்கேல்கனெக்டட்’ என்பதைப் போல ஒரு தனிக் கண்டிஷனை வைத்து, அதை ட்ரூ, ஃபால்ஸ், அன்னோன் என்று தன் வழியில் மாற விடுங்கள். ரெடியோடு கலந்தால், மழை பெய்யும் பிற்பகலில் வெளியீடு செய்யவே முடியாமல் போகும். அதைவிட மோசமாக, ரெடி எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் பழகி, உண்மையான கோளாறு வரும்போதும் கவனிக்க மாட்டார்கள்.

இதே காரணத்துக்காக பாடின் ரெடினஸ் புரோபிலும் (பாட் வேலையை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் சோதனையிலும்) தராசைச் சேர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். புரோப் தோற்றால் சர்வீஸ் அந்தப் பாடுக்குப் போக்குவரத்தை அனுப்புவதை நிறுத்திவிடும். உங்களிடம் இருப்பதோ ஒரே பாட். தராசு அறுந்த அதே நிமிடத்தில் கைத்தொலைபேசிப் பதிவும் அறுந்துவிடும். கையால் பதியும் வழியை எந்த நேரத்துக்காக வைத்திருக்கிறீர்களோ அந்த நேரத்திலேயே அது அடைபட்டுப் போகும்.

தராசின் நிலையை யார் எழுதுவது என்பதையும் யோசியுங்கள். கன்ட்ரோலரே பாடிடம் அவ்வப்போது கேட்டு எழுதுவதாக இருந்தால் ரிக்யூஆஃப்டர் (இவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடு என்ற குறிப்பு) கொடுத்து, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்ற அளவில் செய்யலாம். அறுந்ததும் உடனே ஃபால்ஸ் ஆக்காமல் சில நிமிடம் தொடர்ந்தால் மட்டும் ஆக்கினால் ஆட்டம் குறையும். பாடே நேரடியாக எழுதுவதாக இருந்தால் ஒரே பட்டியலில் இருவர் எழுதுவதாகிவிடும். சாதாரண மெர்ஜ் பேட்ச் பட்டியலை முழுவதுமாக மாற்றிவிடும் என்பதால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். அப்போது கண்டிஷன் பட்டியலை டைப்பைத் திறவுகோலாகக் கொண்ட மேப் வகைப் பட்டியல் என்று சிஆர்டியில் குறித்து, சர்வர்சைடு அப்ளை (எந்தப் புலம் யாருடையது என்று ஏபிஐ சர்வரே கணக்கு வைக்கும் எழுத்து முறை) மூலம் அவரவர் கண்டிஷனை மட்டும் எழுத வேண்டும். என் விருப்பம் முதலாவது வழியே. மடுவத்தின் ஸ்டேட்டஸுக்கு எழுத்தாளர் ஒருவராகவே இருப்பது பின்னால் தேடுவதற்கு வசதி.

இனி, எழப் போவதில்லை என்பதை எப்படி அறிவது. டிப்ளாய்மென்டிலேயே புரோக்ரஸ் டெட்லைன் செகண்ட்ஸ் என்ற புலம் இருக்கிறது. இயல்பு மதிப்பு 600 செக்கன். அந்த நேரத்துக்குள் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால், டிப்ளாய்மென்ட் கன்ட்ரோலர் தன் புரோக்ரசிங் கண்டிஷனை ஃபால்ஸ் ஆக்கி, டெட்லைன் மீறியது என்று ரீசனில் எழுதும். உங்கள் ஃபங்ஷன் அதைப் பார்த்ததும், ரெடியின் ரீசனை ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்பதிலிருந்து ‘நின்றுபோனது’ என்று மாற்றி, கூடவே ஸ்டால்டு என்ற கண்டிஷனை ட்ரூ ஆக்குங்கள். ரிசோர்ஸ்களின் நிலையைக் கணிக்கும் கேஸ்டேட்டஸ் நூலகமும் அதைப் பின்பற்றும் ஃப்ளக்ஸ் போன்ற வெளியீட்டுக் கருவிகளும் ரீகன்சைலிங், ஸ்டால்டு என்ற பெயர்களை அறிந்திருக்கின்றன. ஸ்டால்டு ட்ரூ என்றால் தோல்வி என்று முடிவு செய்து காத்திருப்பை நிறுத்திவிடும். ஆர்கோசிடி என்ற வெளியீட்டுக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் ரிசோர்ஸுக்கு லுவா மொழியில் ஒரு சிறு ஹெல்த் சோதனை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுடையது நீங்களே எழுதிய பைப்லைன் என்பதால், சில செக்கனுக்கு ஒருமுறை இரண்டு கண்டிஷன்களையும் படித்து, ரெடி ட்ரூ என்றால் முன்னே போ, ஸ்டால்டு ட்ரூ என்றால் மெசேஜை அச்சிட்டுவிட்டு நில் என்று எழுதினால் போதும். அதிலும் அப்சர்வ்டு ஜெனரேஷனை ஒப்பிட மறக்க வேண்டாம். போன முறை தோற்றதன் ஸ்டால்டு இந்த முறைக்கும் பொருந்துவதாகத் தோன்றிவிடும்.

விரைவாகத் தோற்க வேண்டும் என்று அந்த 600ஐக் குறைக்கச் சொல்வார்கள். நல்ல இணைப்புள்ள தரவு மையத்தில் அது சரியான ஆலோசனை. நமது தொழிற்சாலைகளில் இமேஜை இழுப்பதற்கே நீண்ட நேரம் பிடிக்கலாம். இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் முன்னேற்றமாகக் கணக்கில் வராது. ஆகவே இங்கே குறைப்பதற்குப் பதில் 1,200 அல்லது 1,800 என்று கூட்டி வைப்பதையே நான் செய்வேன், அல்லது இமேஜை முன்கூட்டியே கணினிகளில் இறக்கி வைத்துவிட்டுப் பிறகு மட்டுமே மடுவத்தை மாற்றுவேன். டெட்லைன் மீறிய பிறகும் டிப்ளாய்மென்ட் முயற்சியைக் கைவிடுவதில்லை. தாமதமாக இமேஜ் வந்து சேர்ந்தால் பாட் எழும், புரோக்ரசிங் மறுபடி ட்ரூ ஆகும். அதனால் ஸ்டால்டை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான் என்று விடாமல், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கணித்து எழுதுங்கள்.

———

பதில்: பண்டாரவளையிலிருந்து

தலவாக்கலை நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். சோதனைகளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

கன்ட்ரோலர்களைச் சோதிக்கும் என்வ்டெஸ்டில் ஓடுவது ஏபிஐ சர்வரும் அதன் தரவுக் களஞ்சியமான எட்சிடியும் மட்டுமே. டிப்ளாய்மென்ட் கன்ட்ரோலர் அங்கே இல்லாததால் உங்கள் டிப்ளாய்மென்ட் ஒருபோதும் தானாக முன்னேறாது. டெஸ்டே டிப்ளாய்மென்டின் ஸ்டேட்டஸை எழுதி, மடுவம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இது ஒரு வசதியும் கூட: அப்சர்வ்டு ஜெனரேஷனைப் பழைய எண்ணிலேயே நிறுத்தி வைத்து, மற்ற எண்ணிக்கைகளை எல்லாம் முழுமையாக எழுதி, ரெடி ட்ரூ ஆகாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டைக் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் முதலாவது கோளாறு மறுபடி நுழைந்தால் அந்த ஒன்றே பிடித்துவிடும். ஏபிஐ சர்வர் இல்லாமலே சோதிக்க உதவும் ஃபேக் கிளையன்டைப் பயன்படுத்துவதானால், கன்ட்ரோலர்-ரன்டைம் 0.15 முதல் வித்ஸ்டேட்டஸ்சப்ரிசோர்ஸ் என்று மடுவத்தை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஸ்டேட்டஸ் அப்டேட் ‘காணப்படவில்லை’ என்று தோற்கும்.

‘கியூப்சிடிஎல் கெட்’ பட்டியலில் ரெடியையும் அதன் ரீசனையும் காட்டும் இரண்டு பிரின்ட்காலம் குறிப்புகளையும் டைப்புக்கு மேலே எழுதிவிடுங்கள். தொழிற்சாலை அலுவலகத்தில் இருப்பவர் காலை நிறுவைக்கு முன் ஒரே கட்டளையில் எல்லா மடுவங்களையும் பார்த்து, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று உங்களுக்குத் தொலைபேசியில் படித்துச் சொல்ல அது உதவும்.